இன்டேக் மேனிஃபோல்டை மாற்றலாமா? வாங்குமுன் அளக்க வேண்டியதும் மாட்டும்போது கவனிக்க வேண்டியதும்

ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஈசியூ (எஞ்சினின் கணினி) டியூனிங் எல்லாம் முடிந்ததும் பலருடைய கண் அடுத்து விழுவது இன்டேக் மேனிஃபோல்ட் மேல்தான், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்பின் மேல். விளம்பரத்தில் "20 குதிரைத்திறன் கூடும்" என்று இருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 20 எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) கூடுகிறது, அதற்கு ஈடாக வேறு எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு குறைகிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. மேனிஃபோல்ட் பெரும்பாலும் பவரைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இருக்கும் பவரை இடம் மாற்றுகிறது. உங்கள் எஞ்சின் அந்தப் புது இடத்தில்தான் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தே செலவு செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

உள்ளே நடப்பது

த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டரை மிதிக்கத் திறக்கும் காற்று வால்வு) வழியாக வரும் காற்று முதலில் பிளீனம் என்ற பெட்டியில் நிறைகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய் போகும். அதுதான் ரன்னர். இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது ரன்னருக்குள் ஒரு தாழ்வழுத்த அலை கிளம்பி பிளீனத்தை நோக்கி ஓடுகிறது. ரன்னரின் திறந்த வாயை அடைந்ததும் அது உயரழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளும். வால்வு மூடிய பிறகு வந்தால் அந்தச் சுற்றில் அதனால் பயனில்லை.

கணக்காகவே பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வால்வு முதல் பிளீனம் வரை 40 செமீ என்றால், அலை போய்த் திரும்ப 80 செமீ, அதாவது ஏறக்குறைய 2.3 மில்லிநொடி. 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு மில்லிநொடிக்கு 36 டிகிரி சுற்றும். அதனால் அலை திரும்புவதற்குள் கிராங்க் 84 டிகிரி சுற்றிவிடுகிறது. ரன்னரை 25 செமீ ஆகக் குறைத்தால் அதே 84 டிகிரி ஒத்திசைவு 9600 ஆர்பிஎம்முக்குத் தாவிவிடும். நிஜ எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது எதிரொலிகளும் கணக்கில் வரும், காற்றின் வெப்பநிலையும் மாறும். ஆகவே இதை வைத்து மேனிஃபோல்ட் வடிவமைக்க முடியாது. ஆனால் நீள ரன்னர் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் (சுழற்றும் விசை) தரும், குட்டை ரன்னர் மேல் ஆர்பிஎம்மில் பவர் தரும் என்ற உறவு எந்த எஞ்சினிலும் பொய்ப்பதில்லை.

குழாயின் விட்டமும் இதேபோலத்தான். அகலமான ரன்னரில் உயர் ஆர்பிஎம்மில் தடை குறைவு. கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து சிலிண்டர் சரியாக நிறையாது.

ஃபோர்டு நிறுவனமே இதைத் தன் காரில் காட்டியிருக்கிறது. 2012 மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் எஞ்சின் 6500 ஆர்பிஎம்மில் 412 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டின் பாஸ் 302 குட்டை ரன்னர் மேனிஃபோல்டோடு வந்து 7400 ஆர்பிஎம்மில் 444 குதிரைத்திறன் தந்தது. ஆனால் உச்ச டார்க் 390 பவுண்டு-அடியிலிருந்து 380 ஆகக் குறைந்தது. கவனியுங்கள், அந்த 32 குதிரைத்திறன் மேனிஃபோல்டால் மட்டும் வந்ததல்ல. ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் தலைப்பகுதி), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ரெவ் லிமிட் (எஞ்சின் ஏற விடப்படும் உச்ச ஆர்பிஎம்) எல்லாமே சேர்ந்து மாறின. அந்த மேனிஃபோல்டை மட்டும் கழற்றிச் சாதாரண ஜிடியில் மாட்டி 7000 தாண்டாமல் ஓட்டினால் இழப்பு முழுதாக வரும், லாபம் முழுதாக வராது.

எந்த எஞ்சினில் பலன் உண்டு

உற்பத்தியாளரே சுருக்கி வைத்த மேனிஃபோல்டாக இருந்தால் பலன் தெளிவாகத் தெரியும். பிஎம்டபிள்யூ எம்52 எஞ்சினின் ரன்னர்கள் அதற்கு முந்தைய எம்50-ஐ விடக் குறுகலானவை. எம்50 மேனிஃபோல்டை எம்52-இல் மாட்டி டியூன் செய்வது பழகிப்போன வேலை: மேலே நன்றாக ஏறும், கீழே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 எஞ்சினில் எல்எஸ்6 மேனிஃபோல்டை மாட்டுவதும் அப்படித்தான். 2001-இலிருந்து நிறுவனமே எல்எஸ்1-க்கு அதைக் கொடுக்கத் தொடங்கியது. இந்த மாதிரி, அதே குடும்பத்து எஞ்சினின் நல்ல ஒரிஜினல் மேனிஃபோல்ட் கிடைக்குமானால் முதலில் அதைத்தான் பாருங்கள். வெளி நிறுவனத்துப் பார்ட்டை விடப் பொருத்தம் சுத்தமாக இருக்கும்.

கேம் மாற்றியவர்கள், ஹெட் போர்ட்டிங் (ஹெட்டின் காற்று வழியைச் சீராக்கிப் பெரிதாக்குவது) செய்தவர்கள், ரெவ் லிமிட்டை உயர்த்தியவர்கள், டிராக்கில் எப்போதும் மேல் ஆர்பிஎம்மில் ஓட்டுபவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஸ்டாக் (கம்பெனி கொடுத்தபடியே உள்ள) கேம், ஸ்டாக் ரெவ் லிமிட், அன்றாடப் பயணம் என்றால் வேண்டாம். அதே பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். கார் உண்மையிலேயே வேகமாகும்.

டர்போ எஞ்சினில் கணக்கு வேறு. அங்கே காற்றை டர்போ தள்ளுகிறது, பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கன்ட்ரோல் குறைவை ஈடுகட்டுகிறது. அதனால் மிதமான பூஸ்டில் மேனிஃபோல்ட் மாற்றம் பெரிதாகத் தெரியாது. டியூனிங், டவுன்பைப் (டர்போவை அடுத்த எக்ஸாஸ்ட் குழாய்), இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) மூன்றும் முதலில் வர வேண்டும். டர்போவில் மேனிஃபோல்ட் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டுதான். ஒன்று, ஸ்டாக் பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் ஒட்டு நீங்கள் வைக்கப்போகும் பூஸ்டைத் தாங்காது என்ற நிலை. மற்றொன்று, சிலிண்டர்களுக்குக் காற்று சமமாகப் போகாத நிலை.

வாங்குமுன்: மூன்று அளவுகள்

முதலில் ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) மேப் சென்ஸர் (மேனிஃபோல்டுக்குள் உள்ள காற்றழுத்தத்தை அளப்பது) அளவை லாக் செய்யுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது காட்டும் எண் அன்றைய காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். பிறகு டைனோவிலோ (காரின் பவரை அளக்கும் மேடை) டிராக்கிலோ மூன்றாவது கியரில் த்ராட்டிலை முழுதாகத் திறந்து ரெட்லைன் வரை இழுத்து, அங்கே மேப் எவ்வளவு என்று பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சினில் 101 என்பது 97 ஆக விழுந்தால், சுமார் 4 சதவீதக் காற்று வழியிலேயே தொலைகிறது.

புதிதாக வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். மேப் சென்ஸர் இருப்பது பிளீனத்தில். அது காட்டும் வீழ்ச்சி பிளீனத்துக்கு முன்னால் உள்ள ஃபில்டர், பைப், த்ராட்டில் பாடி ஆகியவற்றுடையது. ரன்னரின் தடையை அது காட்டவே காட்டாது. ஆகவே 4 கிலோபாஸ்கல் வீழ்ச்சி இருந்தால் மேனிஃபோல்டை விட்டுவிட்டு ஃபில்டரையும் பைப்பையும் சரி செய்யுங்கள், செலவு மிகக் குறைவு. மேப் 100-இலேயே நிற்கிறது, ஆனாலும் டைனோ கிராஃப் உயர் ஆர்பிஎம்மில் சரிகிறது என்றால்தான் ரன்னரையும் ஹெட்டையும் கேமையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, இப்போதைய நிலையில் ஒரு டைனோ கிராஃப். டியூனிங் செய்யாத கார் என்றால் முதலில் டியூன் செய்துவிட்டு அதன்பின் கிராஃப் எடுங்கள். இல்லையென்றால் பின்னால் மேனிஃபோல்டும் டியூனும் சேர்ந்து கொடுத்த லாபம் முழுதும் மேனிஃபோல்டின் பேரில் எழுதப்படும். ஆயில், கூலன்ட் வெப்பநிலை ஒரே அளவுக்கு வந்தபின் மூன்று முறை ஓட்டி எடுங்கள். ஒரே காரில் ஒரே டைனோவில் ஒன்றிரண்டு சதவீதம் மாறுவது இயல்பு. அதைவிடச் சிறிய "லாபம்" லாபமே அல்ல.

மூன்றாவது, கியர் கணக்கு. இரண்டாம் கியர் 2.00, மூன்றாம் கியர் 1.40, ஷிஃப்ட் செய்வது 7000-இல் என்றால், மூன்றாம் கியரில் எஞ்சின் 7000 × 1.40 ÷ 2.00 = 4900 ஆர்பிஎம்மில் இறங்கும். முழு வேகத்தில் உங்கள் எஞ்சின் வாழ்வது 4900-க்கும் 7000-க்கும் இடையில். அந்த இடைவெளியின் சராசரிதான் காரை இழுக்கிறது, உச்ச எண் அல்ல. கியர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் பெட்டியில் இறக்கம் இன்னும் ஆழமாகப் போகும். குட்டை ரன்னரின் குறை அங்கே நன்றாகவே உறைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 4500-இல் 350 நியூட்டன் மீட்டர் இருந்தது 325 ஆகிறது, 7000-இல் 280 இருந்தது 295 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். மேலே 205 என்பது 216 ஆகிறது. கீழே 165 என்பது 153 ஆகிறது. விளம்பரத்தில் வருவது "11 கிலோவாட் கூடுதல்". டவுனில் ஓட்டும்போது உணர்வது 12 கிலோவாட் குறைவு.

பார்ட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது

பெயர்பெற்ற மேனிஃபோல்டுகளின் மலிவு நகல்கள் சந்தையில் ஏராளம். வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும், பழுது உள்ளே இருக்கும். பிளீனத்துக்குள் டார்ச் அடித்து, ரன்னர் வாய் மணிபோல் விரிந்து வளைந்திருக்கிறதா, அல்லது தகட்டில் துளையிட்டுக் குழாயை வெல்ட் செய்து கூர்விளிம்போடு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூர்விளிம்பு காற்றோட்டத்தைப் பிய்த்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டிங் பொறிகள் கழன்று விழுந்தால் நேரே வால்வுக்கும் சிலிண்டருக்கும்தான் போகும்.

ஃபிளாஞ்சின் (ஹெட்டோடு சேரும் தட்டை முகம்) மேல் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.10 மிமீ தாள் தாராளமாக நுழைந்தால் அந்த ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறது. மெஷின் ஷாப்பில் சமன் செய்யாமல் மாட்டினால் வேக்குவம் லீக் (இடுக்கு வழியாகக் காற்று உள்ளே கசிவது) நிச்சயம். பிறகு இன்டேக் கேஸ்கெட்டை ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் வைத்து போர்ட்டின் (காற்று போகும் வாய்) ஓரங்களைக் குறித்து ஒப்பிடுங்கள். மேனிஃபோல்ட் போர்ட் ஹெட் போர்ட்டை விட ஒரு துளி சிறிதாக இருந்தால் பரவாயில்லை. பெரிதாக இருந்தால் காற்று ஹெட்டின் விளிம்பில் முட்டும், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

வேக்குவம் இணைப்புகளை எண்ணுங்கள். பிரேக் பூஸ்டர், பிசிவி (எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை இழுக்கும் வால்வு), பெட்ரோல் ஆவி பர்ஜ் வால்வு, மேப் சென்ஸர், சில கார்களில் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர். ஸ்டாக்கில் எத்தனை உண்டோ அத்தனையும் புதியதில் இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குத் தனியான பெரிய போர்ட் அவசியம். டீ போட்டு வேறொன்றோடு பகிர்ந்தால் பிரேக் பெடல் கல்லாகும் நாள் வரும். இதில் சமரசமே கூடாது.

பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற கேள்விக்கு: பலரும் நினைப்பதற்கு மாறாக, கண்ணாடி நார் கலந்த நைலான் மேனிஃபோல்ட் எஞ்சின் சூட்டைக் குறைவாக வாங்கிக்கொள்ளும். டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது அலுமினிய மேனிஃபோல்டில் காற்று சூடேறி ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். உயர் பூஸ்ட், நைட்ரஸ் (பவரைக் கூட்ட ஏற்றும் வாயு) என்றால் மட்டும் அலுமினியம் கட்டாயம். நைட்ரஸ் பேக்ஃபயரில் பிளாஸ்டிக் பிளீனம் வெடித்துச் சிதறும்.

ஸ்டாக் மேனிஃபோல்டில் ரன்னர் நீளத்தை மாற்றும் வால்வோ, காற்றைச் சுழற்றும் மடல்களோ இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். கீழே நீளம், மேலே குட்டை என்று இரண்டு நன்மையும் ஏற்கெனவே அதில் உண்டு. அதை எடுத்துவிட்டால் ஈசியூவிலும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பி2004 போன்ற பிழைக் குறியீடு வரும். குளிர்ந்த எஞ்சினில் ஐடிலும் (மிதிக்காமல் விட்டால் ஓடும் ஓட்டம்) முரடாகும். மாசுச் சோதனை கட்டாயமாக உள்ள இடங்களில் இந்த மாற்றம் சட்டப்படி செல்லுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மாட்டும் வேலை

தேவையானவை: புது இன்டேக் கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் முழு செட், சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரென்ச், வேக்குவம் ஹோஸ், கிளாம்ப். கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் பழையதையே போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், அது தானாக அணைந்ததும் பெட்ரோல் அழுத்தம் இறங்கியிருக்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் உயரழுத்த லைன் 100 பாருக்கு மேல் தாங்கி நிற்கும். சர்வீஸ் மேனுவலின் முறைப்படி அழுத்தத்தை இறக்காமல் அதில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. த்ராட்டில் பாடிக்குக் கூலன்ட் ஹோஸ் போகிறதென்றால் கூலன்டைக் கொஞ்சம் வடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஹோஸையும் வயரையும் கழற்றுமுன் படம் எடுத்து டேப் ஒட்டி எண் போடுங்கள். இன்ஜெக்டர்களைத் தனித்தனியாக உருவாமல் ஃப்யூவல் ரெயிலோடு சேர்த்துத் தூக்குங்கள். மேனிஃபோல்ட் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். மேனிஃபோல்ட் வெளியே வந்த கணமே ஹெட் போர்ட்களை டேப்பால் மூடுங்கள். துணி திணித்தால் எத்தனை துணி என்று எழுதி வையுங்கள். ஒரு நட்டோ வாஷரோ உள்ளே விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் போரஸ்கோப் கேமராவால் பார்த்து எடுக்கும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஹெட்டின் முகத்தைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுத்தம் செய்யுங்கள். ட்ரில்லில் மாட்டும் உராய்வு டிஸ்க் வேண்டாம். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினாக இருந்தால் இப்போதே வால்வுகளைப் பாருங்கள். தடியாகக் கார்பன் படிந்திருக்கும். அந்தந்த சிலிண்டரின் வால்வு மூடிய நிலையில் வைத்து வால்நட் ஓட்டுத் துகளை அடித்துச் சுத்தம் செய்வது வழக்கம். புது மேனிஃபோல்டின் பெருமையாகப் பேசப்படும் லாபம் பல சமயம் இந்தச் சுத்தத்திலிருந்து வந்ததுதான்.

கேஸ்கெட் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். போல்ட் துளைகள் நேராக வருகின்றனவா? ஹெட் ஸ்கிம் செய்யப்பட்ட (முகத்தைச் சீவிச் சமன் செய்த) வி-எஞ்சினில் துளைகள் விலகி நிற்கும். போல்ட் குழியின் அடியில் முட்டாமல், அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் மரை பிடிக்க வேண்டும். முட்டும் போல்ட் ரென்ச்சில் இறுகியதாகக் காட்டும், ஃபிளாஞ்சை மட்டும் அழுத்தாது. பானெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் களிமண் உருண்டை வைத்து மெதுவாக மூடித் திறந்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடும் என்பதால் 15 மிமீயாவது இருக்கட்டும்.

இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறைந்தது இரண்டு சுற்று. எல்எஸ் எஞ்சினுக்கு முதல் சுற்று 5, இறுதிச் சுற்று 10 நியூட்டன் மீட்டர்தான். கைபழக்கத்தில் இறுக்கினால் எளிதாக இரண்டு மடங்கு போய்விடும், பிளாஸ்டிக் விரியும், அலுமினிய மரை கழன்று வரும். உங்கள் எஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் உரிய எண்ணை அதற்குரிய கையேட்டிலிருந்தே எடுங்கள். ஓ-ரிங் வகை கேஸ்கெட்டில் சிலிகான் பூசாதீர்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங்கில் சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவி நேராக அழுத்துங்கள். உட்கார்ந்தபின் இன்ஜெக்டர் விரலால் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஓ-ரிங் கிள்ளப்பட்டிருக்கிறது.

எல்லாம் இணைத்தபின் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், மூன்று முறை பம்பை ஓடவிடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆன பிறகு

ஐடில் ஏறி நிற்கிறது, பி0507 (ஐடில் அதிகம்) அல்லது பி0171 (பெட்ரோல் குறைவு) பிழைக் குறியீடு வருகிறது என்றால் முதலில் வேக்குவம் லீக்கைச் சந்தேகியுங்கள். ஃப்யூவல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்த்தாலே தெரியும்: ஐடிலில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இயல்புக்கு இறங்கினால் அது லீக். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. லீக்கைத் தேட ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ளே விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது)தான் நல்ல வழி. சூடான எஞ்சின்மேல் எரியக்கூடிய ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் கார் தீப்பிடிக்கும்.

பெரிய த்ராட்டில் பாடியும் சேர்த்து மாட்டியிருந்தால் ஐடில் அலைபாயும். 80 மிமீயிலிருந்து 87 மிமீ போனாலே திறப்பின் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது, ஈசியூவுக்கு அது தெரியாது. த்ராட்டில் அளவுகளை டியூனில் மாற்ற வேண்டும்.

டியூனிங்கைத் தள்ளிப்போட வேண்டாம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்ஸர் (உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பது) உள்ள கார் மாற்றத்தை ஓரளவு தானே சமாளிக்கும். மேப் மட்டும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார் சமாளிக்காது. சிலிண்டர் எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு நிறைகிறது என்ற அட்டவணையே மாறிவிட்டது. டியூன் ஆகும்வரை த்ராட்டிலை முழுதாகத் திறக்காதீர்கள். எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்ஸரோடு, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் முழு த்ராட்டிலில் லாம்ப்டா (கலவை விகிதம்; 1-க்குக் கீழ் என்றால் பெட்ரோல் அதிகம்) 0.86 முதல் 0.90 வரை வைப்பது வழக்கம். வைட்பேண்ட் காட்டுவது எல்லாச் சிலிண்டரின் சராசரி என்பதை நினைவில் வையுங்கள். ஒரு முனையில் த்ராட்டில் பாடி உள்ள நீளமான பிளீனத்தில் கடைசிச் சிலிண்டருக்குக் காற்று அதிகமாகப் போய், அது மட்டும் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடக்கூடும். முதல் டைனோ நாளிலேயே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஈசியூவில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும்.

டியூன் முடிந்ததும் பழைய கிராஃபையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, உங்கள் ஷிஃப்ட் இறங்கும் ஆர்பிஎம் முதல் ரெட்லைன் வரை 250-க்கு ஒரு புள்ளி எடுத்து இரண்டின் சராசரியையும் போடுங்கள். புதியது 2 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அப்படியே ஓட்டுங்கள். உச்சம் கூடியும் சராசரி குறைந்திருந்தால், ஷிஃப்ட் ஆர்பிஎம்மை உயர்த்த வால்வு ஸ்பிரிங் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். கொடுக்காது என்றால் பழைய மேனிஃபோல்டையே திரும்ப மாட்டுங்கள். அதற்காகவே கழற்றிய மேனிஃபோல்டை, மடல்களின் மோட்டார், சென்ஸர்கள், போல்ட்கள் எதுவும் பிரியாமல், போர்ட்களை டேப் ஒட்டி மூடி ஒரே பெட்டியில் எடுத்து வையுங்கள்.